தவமணி அக்கா வீட்டுக் காம்-டூ போர்ட்

தவமணி அக்காவைப் பற்றி யார் கேட்டாலும் நான் இரண்டு பதில் வைத்திருக்கிறேன். அவசரமாகக் கேட்பவர்களிடம், “பாவம், நல்ல மனுஷி” என்று சொல்லி அனுப்பிவிடுவேன். உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே கேட்பவர்களுக்குத்தான் மிச்சக் கதை. அதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் அக்காவைத் திட்டினார்கள், மீதிப் பேர் அக்காவின் கணவரைத் திட்டினார்கள். என்னைத் திட்டியவர்களும் உண்டு. திட்டட்டும். நான் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரன், கூப்பிட்டார்கள், போனேன், ரிப்பேர் செய்தேன்.

என் பெயர் சிக்கந்தர். தொண்ணூறுகளில் பினாங்கு ரோட்டுப் பக்கம் ஒரு பழைய காம்ப்ளெக்ஸின் மாடியில் கடை வைத்திருந்தேன். கடை என்றால் ஒரு மேசை, ஒரு காற்றாடி, மூடி கழற்றிக் கிடக்கும் கம்ப்யூட்டர்கள். காலையில் அங்கே உட்கார்ந்திருப்பேன், மாலையில் மோட்டார்சைக்கிளில் வீடு வீடாகப் போவேன். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு எதைச் செருகினாலும் தானாகத் தெரிந்துகொள்ளும் புத்தி கிடையாது. மௌஸுக்கு ஒரு போர்ட், மோடத்துக்கு இன்னொரு போர்ட் என்று நாம்தான் உள்ளேயிருக்கும் கார்டில் குறித்து வைக்க வேண்டும். ஒன்று பிசகினால் போதும், முதுகில் ஓட்டையும் ஆணியுமாகக் கண்ணெதிரே இருக்கும் போர்ட்டையே “இல்லை” என்று சாதிக்கும். அந்தப் பிடிவாதத்தில்தான் என் பிழைப்பு ஓடியது.

கெலுகோரில், பல்கலைக்கழகத்துப் பக்கம் ஒரு வரிசை வீட்டில் கனகசுந்தரமும் அவர் மனைவி தவமணியும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவர் அப்பா காலத்திலேயே ரயில்வே உத்தியோகத்துக்கு மலாயா வந்தவர்கள். கனகசுந்தரம் ஓர் அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்ற செய்தி அலுவலகத்துக்குத்தான் தெரியும், வீட்டுக்குத் தெரியாது. பியூனைக் கூப்பிட மேசை மேல் வைத்திருப்பார்களே, தலையில் தட்டினால் டிங் என்று சத்தம் போடும் மணி, அதை வாங்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தார். தட்டினால் அக்கா வர வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பதை நாலு பேர் முன்னால் பெருமையாகச் சொல்வாராம்.

அக்காவின் தங்கை கமலாம்பிகை கடலுக்கு அந்தப் பக்கம் சுங்கை பாக்காப்பில் வாழ்க்கைப்பட்டிருந்தார். அவருக்கு அக்கா கடிதம் எழுதினால் அது முதலில் கனகசுந்தரம் ஐயாவின் மேசைக்குப் போகும். அவர் சிவப்புப் பென்சிலால் எழுத்துப் பிழைகளைத் திருத்துவார். தேவையில்லாத வரிகளை அடிப்பார். மகனுக்குக் காய்ச்சல் என்று அழுதது தேவையில்லாத வரி. திருத்தியதை அக்கா வேறு தாளில் சுத்தமாகப் பார்த்து எழுதிய பிறகுதான் தபாலுக்குப் போகும். இதை அக்கா என்னிடம் சொன்னபோது சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அந்தப் பென்சிலை முறித்துப் போடலாம் போல இருந்தது.

அப்புறம் அவருக்கு அந்த நோய் வந்தது. நரம்பு ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய். முதலில் பென்சில் கையிலிருந்து நழுவியது. பிறகு மணியைத் தட்ட முடியவில்லை. பேச்சு குழறி, கடைசியில் நின்றே போனது. புத்தி மட்டும் கொஞ்சமும் மங்கவில்லை. கண் அசையும், ஒரு கையில் விரல் ஏதோ கொஞ்சம் அசையும், அவ்வளவுதான். கேட்டால் ‘ஆம்’ என்பதற்குக் கண்ணைச் சிமிட்டுவார், ‘இல்லை’ என்பதற்கு இறுக மூடுவார். ஆனால் கேட்பதற்கு ஒருவர் வேண்டும், சரியான கேள்வியும் வேண்டும். வீடு அமைதியாகிவிட்டது. அக்கா அந்த நாள்களில் சமையலறை ரேடியோவைச் சத்தமாக வைத்துக் கேட்டார் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த அமைதி நிலைக்கவில்லை. ஒரே மகன் ஸ்ரீஸ்கந்தராஜா சிங்கப்பூரில் எஞ்சினியர். அப்பா மேல் உயிர். அவன் ஒரு கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டுவந்து, தானே ஒரு புரோகிராமும் எழுதினான். ஆங்கில எழுத்துகள் திரையில் வரிசையாக நிற்கும். வெளிச்சம் ஒவ்வொன்றாகத் தாவிக்கொண்டே போகும். வேண்டிய எழுத்துக்கு வரும்போது விரலுக்கடியில் இருக்கும் பட்டனை அழுத்தினால் அந்த எழுத்து விழும். பட்டனின் கம்பி கம்ப்யூட்டரின் முதுகில் இரண்டாவது போர்ட்டுக்குப் போகும். காம்-டூ என்று பெயர். முதல் போர்ட்டில் மௌஸ் இருந்தது. புரோகிராம் காம்-டூவைத் தவிர வேறு எதையும் திரும்பிப் பார்க்காது.

எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்தால் காம்-டூவைக் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. அதற்குத்தான் என்னை முதலில் கூப்பிட்டார்கள். மூடியைக் கழற்றி, போர்ட்டுகளுக்கான கார்டைப் பார்த்தேன். இரண்டு இரண்டாக ஊசிகள் நிற்கும். எந்தப் போர்ட் வேண்டுமோ அதன் இரண்டு ஊசிகளையும் இணைத்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் தொப்பி மாட்ட வேண்டும். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஜம்பர் என்போம். காம்-டூவின் ஊசிகள் மொட்டையாக நின்றன. என் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டினேன். வேலை முடிந்தது.

தேநீர்க் கோப்பையோடு நின்ற தவமணி அக்கா, “இதென்ன தம்பி, இவ்வளவு சின்னனா?” என்று கேட்டார்.

“இது இருந்தாத்தான் அக்கா அந்த போர்ட் இருக்கறதே கம்ப்யூட்டருக்குத் தெரியும். எடுத்துட்டா அதுக்குக் கண்ணு தெரியாது லா.”

“ஓம், விளங்குது” என்றார். கேட்டால் யாருக்கும் சொல்வதைத்தான் அவருக்கும் சொன்னேன்.

ஐயாவுக்கு வாய் திரும்பக் கிடைத்துவிட்டது. அந்த வாயால் முதலில் மகனுக்கு உத்தரவு போட்டார். ஒவ்வொரு எழுத்தாகப் பிறக்க நேரமாகிறது, அடிக்கடி வேண்டியவற்றை முழு வாக்கியமாகப் போட்டு வை என்று. மகனும் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தான். ‘தேநீர்’, ‘சூடு அதிகம்’, ‘திருப்பிப் படுக்க வை’, இவையெல்லாம் நியாயம். ‘மறுபடியும் தாமதம்’, ‘மூளை இல்லை’ என்ற இரண்டையும் சேர்க்கச் சொன்னவர் அப்பா. மகன் சிரித்துக்கொண்டே சேர்த்தான். கூடவே ஒரு பீப் சத்தம். பட்டனை நீட்டி அழுத்தினால் கம்ப்யூட்டர் கூவ ஆரம்பிக்கும், அக்கா வந்து ஒரு கீயைத் தட்டும் வரை நிற்காது. பழைய பித்தளை மணியாவது ஒரு தடவை ஒலித்துவிட்டு ஓயும்.

பிறகு ஒருமுறை மானிட்டர் பார்க்கப் போயிருந்தேன். அக்கா ரசச் சாதத்தை மசித்து ஸ்பூனில் ஊட்டிக்கொண்டிருந்தார். அவர் தொண்டையில் இறங்குவதற்குள் நமக்குப் பசி எடுத்துவிடும், அவ்வளவு மெதுவாக. நடுவில் அவர் விரல் அசைந்தது. எழுத்து எழுத்தாக ஒரு வரி வந்தது. நானும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தேன். சேலை கோணலாக இருக்கிறது என்று எழுதினார். ஒரு எழுத்துக்கு உயிரைக் கொடுக்கும் மனிதன் அதில் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா ஸ்பூனை வைத்துவிட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டார், மறுபடியும் ஊட்டினார்.

தொண்ணூற்றைந்தில், மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில், சிங்கப்பூரிலிருந்து மகன் என் கடைக்குப் போன் செய்தான்.

“பிரதர், அப்பாட கம்ப்யூட்டர் பட்டன எடுக்குதில்லையாம். அம்மா சொல்றா ஸ்கிரீன் வருது, ஆனா ஒண்டும் விழுதில்லையாம். போய்ப் பாருங்கோ, ப்ளீஸ். அவருக்கு அதை விட்டா வேற ஒண்டும் இல்லை.”

போனேன். ஐயா சக்கர நாற்காலியில் கம்ப்யூட்டருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். அக்கா கதவைத் திறந்துவிட்டுச் சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டார். எப்போதும் முதலில் தேநீர் வரும், அன்று வரவில்லை.

பட்டனில் கோளாறு இருக்குமோ என்று முதலில் அதைப் பார்த்தேன். மீட்டர் வைத்தால் நன்றாகக் கீ கீ என்றது. கம்பியை மாற்றினேன், பலனில்லை. எந்தெந்தப் போர்ட் இருக்கிறது என்று காட்டும் புரோகிராமை ஓட்டினேன். காம்-ஒன் இருக்கிறது என்றது. காம்-டூ இல்லவே இல்லை என்றது. மகன் ஃபேக்ஸுக்காக ஒரு மோடம் கார்டு போட்டிருந்தான். இரண்டும் ஒரே முகவரிக்குச் சண்டை போட்டால் இப்படி ஆகும். மோடத்தின் முகவரியைப் பார்த்தேன், வேறாகத்தான் இருந்தது. சரி, கார்டே செத்துவிட்டது போல என்று மூடியைக் கழற்றப் போனபோதுதான் திருகாணிகளை நன்றாகப் பார்த்தேன்.

திருகாணி ஒன்றின் தலை கிழிபட்டிருந்தது. ஸ்க்ரூடிரைவர் அப்படிக் கிழிக்காது. வெண்ணெய் தடவும் கத்தியின் முனை கிழிக்கும். மற்றவை விரலால் முடுக்கியது போலத் தளர்ந்து இருந்தன. மூடியைத் தூக்கினேன். கார்டு முழுக்கப் புழுதி. காம்-டூவின் இரண்டு ஊசிகள் மட்டும் புழுதி இல்லாமல் பளிச்சென்று நின்றன. நான் மாட்டிய தொப்பி இல்லை. தானாகக் கழன்று விழுகிற சாமான் இல்லை அது. பெட்டிக்குள் தேடினேன், இல்லை.

நிமிர்ந்து ஐயாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அவர் கண் சமையலறை வாசலில் இருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனிதர் நாள் முழுக்க இந்த நாற்காலியில், இந்தப் பெட்டிக்கு எதிரேதான் இருக்கிறார். அவர் கண் முன்னால்தான் இது நடந்திருக்கிறது. கத்தியோடு வந்து, மூடியைத் திறந்து, அந்தத் தொப்பியைக் கழற்றுவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கத்த வாய் இல்லை. சொல்லலாமென்றால், சொல்லும் வழியைத்தான் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

சமையலறைக்குப் போனேன். “அக்கா, இத யாரு கழட்டுனா?”

“நான்தான்.” கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

“எங்க அது?”

“அரிசி கழுவின தண்ணியோட வடிகானுக்குள்ள ஊத்திப்போட்டன்.”

எனக்குக் கோபம் வந்தது. அக்காவே பேசினார். குரலை உயர்த்தவே இல்லை.

“போன கிழமை கமலாம்பிகை வந்தவள், புருசனோட. இவர் எழுதத் தொடங்கினார். எல்லாரும் எழும்பி நிண்டு பார்த்துக்கொண்டு நிண்டவை. ஏதோ கடைசியா நல்ல சொல்லுச் சொல்லப்போறார் எண்டு கமலாம்பிகை அழத் தொடங்கிட்டாள். என்ன எழுதினவர் தெரியுமோ? ‘இவள் நாறுகிறாள்.’ அவ்வளவுதான். நான் நாறுறன்தான் தம்பி. காலையில இருந்து இவருக்குப் பீ மூத்திரம் அள்ளிக்கொண்டு இருக்கிறன், குளிக்கப் போனா அது கத்துது. என்ட தங்கச்சியின்ட முகத்தை என்னால பார்க்கேலாமப் போச்சு.”

அக்கா கிட்டே வந்தார்.

“போர்ட் எரிஞ்சு போச்சு, சாமான் இனிக் கிடைக்காது எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னா அவன் நம்புவான்.”

“எவ்வளவு நாளைக்கு அக்கா?”

“அவர் இருக்கும் வரைக்கும்.”

இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருப்பது எனக்குத் தெரியும். எனக்கு அந்த மனிதர் மேல் இரக்கம் இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உயிரோடு இருக்கிற ஒருவனை வாயைத் தைத்து உட்கார வைப்பதற்கு நான் கையெழுத்துப் போட முடியாது. அதைச் செய்யக் கூசாத அக்கா மேலும் கோபம், அதைச் செய்யும்படி வைத்த ஐயா மேலும் கோபம், சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு ‘மூளை இல்லை’ என்பதைச் சிரித்துக்கொண்டே சேர்த்துக் கொடுத்த மகன் மேல் எல்லாரையும்விடக் கோபம்.

“என்னால ஏலாது அக்கா. வேற யாராச்சும் வந்து பாத்தா ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருவான்.”

“திரும்பப் போட்டா அவர் எழுதுவார். மகனுக்கு எழுதுவார். பிறகு எனக்கு இந்த வீட்டில இடம் இல்லை. அதை நினைச்சுக்கொண்டு போடுங்கோ.”

நான் ஐயாவின் நாற்காலிக்கு முன்னால் போய்க் குந்தினேன். அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன், “சார், நான் சரி பண்ணித் தர்றேன். ஆனா அக்கா செஞ்சத யாருக்கும் எழுதக்கூடாது. அவங்க இல்லாட்டி உங்களுக்கு யாரு இருக்கா? எழுத மாட்டேன்னா கண்ணச் சிமிட்டுங்க.”

சிமிட்டினார், உடனே. சந்தேகம் வேண்டாம் என்பது போல இன்னொரு தடவையும் சிமிட்டினார். அரசாங்க உத்தியோகம் பார்த்த மனுஷன், பேச்சு மாற மாட்டார் என்று நம்பினேன். டப்பாவைத் திறந்து ஒரு தொப்பி எடுத்து மாட்டினேன். காம்-டூ வந்தது. முதல் வேலையாக ஐயா ஒரு பீப் போட்டார். அக்கா வந்து கீயைத் தட்டி நிறுத்தினார்.

“தேநீர்” என்று திரையில் இருந்தது.

மகனுக்குப் போன் போட்டு, ஜம்பர் தளர்ந்துவிட்டது, மாற்றிவிட்டேன் என்று சொன்னேன். அத்தோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஐயா மறுநாளே எழுத ஆரம்பித்துவிட்டார்.

வாயால் திட்டிவிட்டுப் போகிற மனிதராக இருந்திருந்தால் ‘அவள்தான் செய்தாள்’ என்று ஒரு வரியில் முடித்திருப்பார். இவர் தலைமைக் குமாஸ்தா. புகார் என்றால் முறையாக, மேலிடத்துக்கு, எழுத்தில் போக வேண்டும். தேதி வேண்டும், பொருள் வேண்டும், முற்றுப்புள்ளி தவறக்கூடாது. ஆகவே நாள் கணக்கில் எழுதினார். ஒவ்வொரு காலையும் அக்கா அவரைத் துடைத்து, சட்டை மாற்றி, நாற்காலியில் இருத்தி, விரலைப் பட்டன் மேல் வைத்துவிட்டுப் போவார். அவர் விட்ட இடத்திலிருந்து தொடருவார். அக்காவுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும், கான்வென்டில் படித்தவர். போகும்போதும் வரும்போதும் தன் மேல் எழுதப்படும் புகார் வரி வரியாக வளர்வதைப் படித்துக்கொண்டிருந்தார்.

அழிக்கும் கீயை ஒரு தடவை தட்டினால் முழுவதும் அழிந்துவிடும். தட்டவில்லை. தொப்பியை மறுபடியும் பிடுங்கியிருக்கலாம், அதுவும் செய்யவில்லை. ‘வேண்டுமென்றே’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்ததாம். திரும்பப் போய்த் திருத்தத் தெரியாமல் ஐயா தவித்திருக்கிறார். அக்கா குனிந்து அந்த எழுத்தைத் தானே போட்டுக் கொடுத்திருக்கிறார்.

சனிக்கிழமை மகன் வந்தான். புகார் தயாராகத் திரையில் நின்றது. பிறகு அவனே எனக்கு அதைச் சொன்னான். தமிழில் இவ்வளவுதான்: ‘கீழ்க்கண்ட விஷயத்தை உன் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். உன் தாயார் இந்த இயந்திரத்தைத் திறந்து வேண்டுமென்றே பழுதாக்கினார். நான் நேரில் பார்த்தேன். இனி அவருடைய சேவை எனக்குத் தேவையில்லை. அவரை விடுவித்து வேறு ஆளை நியமிக்கவும்.’

மகன் அம்மாவைப் பார்த்து, “நீங்கள் ஒரு மனுசியோ?” என்று கத்தியிருக்கிறான். அக்கா மறுக்கவில்லை, அழவில்லை, காரணமும் சொல்லவில்லை. கமலாம்பிகை வந்து போன நாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அன்றே சுங்கை பாக்காப்புக்குப் போன் செய்தார். அவருடைய சேலைகள் ஏற்கெனவே பெட்டியில் மடித்து இருந்தனவாம். ஐயாவுக்குக் கடைசியாக ஒரு வேளை ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, தங்கை புருஷன் கொண்டுவந்த காரில் ஏறிப் போனார்.

யாழ்ப்பாணத்து ஜனங்களில் படுக்கையில் கிடக்கும் புருஷனை விட்டுவிட்டு ஒரு பெண் போனால் ஊர் அவளை உயிரோடு தின்றுவிடும். கோயிலில் ஒருத்தரும் முகம் கொடுக்க மாட்டார்கள். ஆனால் புருஷனே எழுத்தில் வேண்டாம் என்று அனுப்பிவிட்டால் யார் என்ன சொல்ல முடியும்? ஐயா இதை யோசிக்கவில்லை. வேலையிலிருந்து நீக்கினால் அது தண்டனை என்றே அவர் ஆயுள் முழுக்கப் பழகியிருந்தார்.

வேறு ஆள் நியமிக்க மகன் அலைந்து பார்த்தான். வந்த ஆள்கள் அள்ள வேண்டிய வேலையையும் பட்டியலில் இருந்த ‘மூளை இல்லை’யையும் பார்த்துவிட்டு நிற்கவில்லை. கடைசியில் ஜார்ஜ் டவுனில் தனியார் முதியோர் இல்லம் ஒன்றில் சேர்த்தான். கம்ப்யூட்டரும் கூடவே போனது. கொஞ்ச நாளில் மறுபடியும் எனக்குப் போன். “பிரதர், அந்தப் போர்ட் திரும்பவும் போயிட்டுது போல. நர்ஸ் சொல்றா ரோசாக்காம், பழுதாம்.”

போனேன். ரோஹானா என்ற மலாய்க்கார நர்ஸ் அறையைக் காட்டினாள். தங்கமான பெண், ஆனால் அந்த மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் அவள் ஒருத்திதான். “இது வேலை செய்யலை அங்கிள், நான் கையை வெச்சுப் பாத்தேன்” என்று மலாயில் சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு ஓடினாள்.

புரோகிராமை ஓட்டினேன். காம்-ஒன் இருந்தது, காம்-டூவும் இருந்தது. மூடியைத் திறந்தேன், தொப்பி மாட்டியபடி இருந்தது. பட்டனை நான் அழுத்தினேன், எழுத்து விழுந்தது. கம்ப்யூட்டரில் ஒரு குறையும் இல்லை.

ஐயாவின் கையை எடுத்துப் பட்டன் மேல் வைத்தேன். ஒன்றும் விழவில்லை. “இந்த விரலா சார்?” என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டேன். மோதிர விரலுக்குக் கண் சிமிட்டினார். மோதிர விரலை வைத்தேன். விரலில் ஒரு துடிப்பு இருந்தது, ஆனால் அது பட்டனைத் தாண்டி வெற்றிடத்தில் அசைந்தது. மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன், அடியில் துணி மடித்து வைத்துப் பார்த்தேன். இன்னும் உயரமா என்றால் சிமிட்டுவார். உயர்த்தினால் போதாது. இப்படியா என்றால் கண்ணை இறுக மூடுவார். வேறு எப்படி என்று கேட்டால் அதற்குச் சிமிட்டல் கிடையாது. கேள்வி தெரிந்தால்தானே நான் கேட்பது? அவருக்கும் விடை தெரியுமா என்பதே சந்தேகம். அத்தனை நாளும் கை தானாகச் சரியான இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது, எப்படி உட்கார்ந்தது என்று அவர் எதற்குப் பார்த்திருக்கப் போகிறார்?

நான் கிளம்பியபோது அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைத்துவிட்டேன். அழுகையா, வெறும் கண் எரிச்சலா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிமிட்டியிருப்பார், எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த வாரமே பாலத்தைத் தாண்டிச் சுங்கை பாக்காப்புக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. தவமணி அக்கா தங்கை வீட்டு முன்கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். குளித்து, தலைமுடியை விரித்து ஆறவிட்டிருந்தார். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக, “வாங்கோ தம்பி, இருங்கோ” என்றார். தேநீர் வந்தது. புகாரில் விட்டுப்போன எழுத்தைத் தான் போட்டதை அப்போதுதான் சொன்னார். “பிழையோட போகக்கூடாது எல்லே? அவர் எழுதி முடிக்கட்டும் எண்டுதான் நான் பார்த்துக்கொண்டு இருந்தனான்” என்றார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். இல்லம், நர்ஸ், மோதிர விரல், மடித்து வைத்த துணி எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணீரையும் சொன்னேன். அக்கா முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“நீங்க வர வேணாம் அக்கா. ஒருத்தரும் உங்கள வரச் சொல்ல மாட்டாங்க. கைய எப்படி வெக்கணும்னு மட்டும் சொல்லுங்க, நான் அந்தப் பொண்ணுகிட்டக் காட்டிக் குடுத்துர்றேன். மணிக்கட்டுக்கு அடியில என்ன வெப்பீங்க? எவ்வளவு சாய்ப்பீங்க?”

அக்கா பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். என்னை நேராகப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை.

“அவரையே கேளுங்கோ, தம்பி” என்றார்.